மேல்பாக்கெட்டில் ஒன்று, பேண்ட் பாக்கெட்டில் ஒன்று: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் "உங்களிடம் எத்தனை போன், ஏன்?" என்று ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் படித்தால் பாதிப் பேர் கேள்வி கேட்கவில்லை, வீட்டில் நடக்கிற சண்டைக்குத் தீர்ப்புக் கேட்டிருக்கிறார்கள். சரி, சொல்லிவிடுவோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு ஒரு போன், வீட்டுக்கு ஒரு போன் என்று ரொம்ப வருஷமாக ஓட்டுகிறேன். "ஒரே போன்ல ரெண்டு சிம் போட்டா முடிஞ்சுது, எதுக்குப்பா ரெண்டையும் தூக்கிட்டு அலையறீங்க" என்கிறான் மகன். அவன் சொல்வது சரியா? (கடைக்காரர், ஈரோடு)

முக்கால்வாசி சரி. மிச்சம் இருக்கிற கால்வாசியில்தான் உங்கள் வியாபாரம் இருக்கிறது.

இரண்டு சிம் போன்களில் பெரும்பாலானவை இரண்டு நம்பரையும் தயாராக வைத்திருக்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் பேச முடியும். நீங்கள் வீட்டு நம்பரில் சம்பந்தியோடு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தால், கடை நம்பருக்குக் கூப்பிடுகிறவருக்கு அந்த அரைமணி நேரமும் "தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்" என்ற குரல்தான் கேட்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் அந்தக் குரலைக் கேட்டால் என்ன செய்வார் என்று உங்களுக்கே தெரியும், அடுத்த கடைக்குப் போட்டுவிடுவார். இதற்கு வழி இருக்கிறது. கால் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் போய், "தொடர்பில் இல்லாதபோது" என்கிற இடத்தில் கடை நம்பருக்கு வீட்டு நம்பரையும் வீட்டு நம்பருக்குக் கடை நம்பரையும் கொடுத்துவிடுங்கள். அப்புறம் ஒன்றில் பேசும்போது மற்றதற்கு வருகிற அழைப்பு, கால் வெயிட்டிங்காக வந்து நிற்கும். மகனிடம் சொன்னால் உட்கார்ந்த இடத்தில் செய்து தருவார். வாட்ஸ்அப்பும் இப்போது பிரச்சினை இல்லை. 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கு ஒரே வாட்ஸ்அப்பில் இரண்டு கணக்கு வைக்கும் வசதியை அறிவித்தார்கள். கடைக்கு வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் வைத்திருப்பவர்களுக்கு அதுகூடத் தேவையில்லை, இரண்டு ஆப்பும் ஒரே போனில் ஓடும்.

இதுவரைக்கும் மகன் கட்சிதான். ஆனால் கடை போன் உங்களுடையதா, கடையினுடையதா என்று ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு நாள் வெளியூர் போனால், கடைப்பையன் போனை எடுத்துப் பேச வேண்டும், புடவையைப் பிரித்து போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், "அண்ணா இன்னைக்கு இல்லைங்க, நாளைக்கு வந்துருவாருங்க" என்று சொல்ல வேண்டும். உங்கள் சொந்தப் போனை அப்படி விட்டுவிட்டுப் போவீர்களா? மாட்டீர்கள். கடை போன் கல்லாவில் இருக்கட்டும். அதிலுள்ள வாட்ஸ்அப் கணக்கை உங்கள் சொந்தப் போனிலும் இணைத்துக்கொள்ளலாம். ஒரு கணக்கை முதன்மைப் போன் தவிர இன்னும் நான்கு கருவிகளில் இணைக்கலாம், 2023 ஏப்ரல் முதல் அந்தக் கருவி இன்னொரு போனாகவும் இருக்கலாம். முதன்மைப் போனை 14 நாள் திறக்காமலே விட்டால் மட்டும் மற்றவை தானாக வெளியேறிவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கடை நம்பரில்தான் உங்கள் வங்கிக் கணக்கு பதிவாகியிருக்கிறது என்றால், அது கல்லாவில் கிடக்கிற போனில் இருக்கவே கூடாது. பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்கிற பெட்டிக்குப் பெரும்பாலும் உள்ளேயே தனி சிம் இருக்கும், அதற்கு உங்கள் போன் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை.

ராத்திரி ஷட்டரை இறக்கும்போது அந்தப் போனைக் கல்லாவிலேயே போட்டுப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போக முடிகிறதா? முடிந்தால் உங்கள் பக்கம் தீர்ப்பு. அதையும் சேர்த்துத்தான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள் என்றால் மகன் ஜெயித்தார்.

நான் பள்ளி ஆசிரியை. பெற்றோர் குரூப், தலைமையாசிரியர் குரூப், பாடவாரியாக ஒரு குரூப் என்று ராத்திரி பத்து மணிக்கும் செய்தி வருகிறது. பள்ளிக்கென்று தனி சிம் வாங்கி அதே போனில் போட்டேன். ஏழு மணிக்கு மேல் அந்த சிம்மை அணைத்துவிடுகிறேன். ஆனாலும் செய்தி நிற்கவில்லை. ஏன்? (வாசகி, திருநெல்வேலி)

ஏனென்றால் வாட்ஸ்அப் செய்தி சிம்முக்கு எஸ்எம்எஸ் வருகிற மாதிரி வருவதில்லை, இன்டர்நெட்டில்தான் வருகிறது. அந்த இன்டர்நெட் எந்த சிம்மிலிருந்து வருகிறது, வீட்டு வைஃபையிலிருந்து வருகிறதா என்றெல்லாம் பார்க்காது. நீங்கள் சிம்மை அணைத்தது போன் அழைப்பை மட்டும்தான் நிறுத்தியது. பெற்றோர் யாரும் இப்போது போன் செய்வதில்லை, வாய்ஸ் மெசேஜ்தான் போடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

பள்ளி நம்பருக்கு வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். பிசினஸ் என்று பெயர் இருக்கிறதே தவிர வியாபாரி மட்டும்தான் வைக்க வேண்டும் என்றில்லை. அதில் "நான் இப்போது இல்லை, காலையில் பதில் சொல்கிறேன்" என்று தானாகப் போகிற செய்தியை நேரம் குறித்து வைக்கலாம். (தனியாக எழுதுகிற பெற்றோருக்குத்தான் அது போகும், குரூப்புக்குப் போகாது.) அடுத்து, ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் "டிஜிட்டல் வெல்பீயிங்" என்று ஒன்று இருக்கும், அதற்குள் ஃபோகஸ் மோட். அதில் அந்த ஒரு ஆப்பை மட்டும் தேர்ந்தெடுத்து, மாலை ஏழு முதல் காலை ஏழு வரை என்று கொடுத்துவிட்டால் ஆப் மங்கிப்போய்விடும், எந்தச் சத்தமும் வராது.

இதைப் பண்ணிப் பாருங்கள், தனி போனுக்குச் செலவு செய்யாமலே தீரலாம். தீராவிட்டால்? நம்மில் பலருக்கு மங்கிப்போன ஆப்பையும் விரல் தட்டி எழுப்பத்தான் செய்யும். அப்படிப்பட்ட ஆள் என்றால் சுமாரான விலையில் ஒரு போன் வாங்கிப் பள்ளிப் பையிலேயே வையுங்கள், பை வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் தொங்கட்டும்.

கம்பெனி ஒரு போன் கொடுத்திருக்கிறது, என்னுடையதைவிட நல்ல மாடல். என் சொந்த சிம்மையும் அதிலேயே போட்டு, பழையதை விற்றுவிடலாமா? (ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்)

வேண்டாம். கம்பெனி சொத்தாக உங்கள் கையில் இருக்கிற போனை அவர்கள் எங்கிருந்தும் நிர்வகிக்க முடியும். எந்த ஆப் இருக்கலாம், இருக்கக் கூடாது என்று தீர்மானிக்கலாம், வேலையை விடுகிற அன்றைக்கு முழுதாக அழிக்கலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோ அதில்தான் இருக்கிறது என்று ஹெச்ஆரிடம் போய் நிற்க முடியாது.

இன்னொரு வழி, நேர் எதிர்த் திசையில். கம்பெனி ஒத்துக்கொண்டால் உங்கள் சொந்த ஆண்ட்ராய்டு போனில் "வொர்க் ப்ரொஃபைல்" போட்டுத் தரச் சொல்லுங்கள். ஆபீஸ் ஆப்கள் தனிப் பகுதியாக, ஐகான் மூலையில் குட்டிப் பெட்டிப் படத்தோடு வரும். அந்தப் பகுதியை மட்டும்தான் கம்பெனி ஆள முடியும், உங்கள் போட்டோவும் செய்தியும் அவர்களுக்குத் தெரியாது. மாலையில் ஒரே பட்டனில் மொத்த ஆபீஸையும் நிறுத்திவைக்கலாம். மேனேஜர் சொந்த நம்பருக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள், அதற்கு ஆண்ட்ராய்டில் பட்டன் இல்லை.

ஓய்வுபெற்றவன். ஓய்வூதியம், டெபாசிட் எல்லாம் ஒரே வங்கியில். நண்பர் ஒருவர் ஏதோ கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வந்ததைத் தொட்டு, கணக்கிலிருந்த பணம் போய்விட்டது. வங்கிக்கு மட்டும் தனியாக ஒரு போன் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். (வாசகர், கும்பகோணம்)

சிரிக்கிறவர்களை விடுங்கள் ஐயா. இந்த மாதம் வந்த கடிதங்களில் இரண்டாவது போன் வாங்க உண்மையிலேயே நல்ல காரணம் உங்களுடையதுதான். ஆனால் பாதிக் கிணறு தாண்டினால் பயனில்லை, முறையாகச் செய்ய வேண்டும்.

முதலில் உங்கள் நண்பருக்கு என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம். அந்தப் பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வந்திருக்காது, பெயரின் கடைசியில் ஏபிகே என்று முடிகிற கோப்பாக வந்திருக்கும். ஏபிகே என்றால் ஆப்பை நிறுவுகிற கோப்பு. போக்குவரத்து அபராதச் சலான், அரசாங்க உதவித்தொகை, வங்கி கேஒய்சி என்று பல வேஷத்தில் வரும். தொட்டு, "அனுமதி" என்று இரண்டு தடவை அழுத்தியதும் அந்த ஆப் உங்கள் எஸ்எம்எஸ்களைப் படிக்கிற உரிமையை வாங்கிக்கொள்கிறது. அதற்கப்புறம் வங்கி அனுப்புகிற ஓடிபி உங்கள் கண்ணுக்கு வரும் முன்னே எங்கோ உட்கார்ந்திருக்கிறவன் கைக்குப் போகிறது. அதாவது, ஊர்ச் செய்தியெல்லாம் வந்து விழுகிற போனும் ஓடிபி வருகிற போனும் ஒன்றாக இருப்பதுதான் ஓட்டை. அதைப் பிரிக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது ரொம்பச் சரி.

இப்போது செய்ய வேண்டியது. புதிதாக ஒரு நம்பர் வாங்குங்கள். வங்கிக் கிளைக்கு நேரில் போய்க் கணக்கில் இருக்கிற நம்பரை இதற்கு மாற்றுங்கள். இந்த நம்பரை யாருக்கும் கொடுக்காதீர்கள். கொடுக்காதீர்கள் என்றால் மளிகைக்கடை பில்லுக்கு, ஜவுளிக்கடை குலுக்கல் சீட்டுக்கு, பேரனுக்குக்கூட. இந்தப் போனில் வாட்ஸ்அப் வேண்டாம். வங்கி ஆப், ஒரு யூபிஐ ஆப், அவ்வளவுதான், அதுவும் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும். இதற்காக வீட்டில் தூங்குகிற பழைய போனை எடுக்காதீர்கள், பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் வங்கி ஆப் வைப்பது இத்தனை பாடுபட்டதையும் வீணாக்கிவிடும். விலை குறைவான மாடலே போதும், ஆனால் புதிதாக இருக்கட்டும்.

சிலர் "ஸ்மார்ட்போனே வேண்டாம், ஓடிபிக்கு ஒரு பட்டன் போன்" என்பார்கள். நெட்பேங்கிங், கார்டு மட்டும் பயன்படுத்துகிறவருக்கு அது அருமையான ஏற்பாடு, அதில் எந்த ஏபிகேயும் ஏறாது. யூபிஐ வேண்டுமென்றால் சிக்கல். யூபிஐ ஆப்பில் பதிவு செய்யும்போது அந்தப் போனிலிருந்து, வங்கியில் பதிவான அதே சிம் வழியாக, ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போகும், அது போனால்தான் ஆப் திறக்கும். ஆகவே சிம்மும் ஆப்பும் ஒரே போனில் இருக்க வேண்டும். பதிவு செய்துவிட்டு சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு, பல ஆப்கள் சிம் இல்லாததைக் கண்டுபிடித்து மறுபடி பதிவு கேட்கும். இன்னொன்று, புதுப் போனில் யூபிஐ பதிவு செய்ததும் முதல் 24 மணி நேரத்துக்குப் பல வங்கிகள் 5,000 ரூபாய்க்கு மேல் விடாது. நெல்லுக்குப் பணம் கொடுக்க வேண்டிய நாளில் போனை மாற்றாதீர்கள்.

அப்போ காய்கறிக்கும் ஆட்டோவுக்கும் அந்தப் போனையா தூக்கிக்கொண்டு போவது? வேண்டாம், அது பீரோவில் இருக்கட்டும். இன்னொரு வங்கியில் ஒரு சின்னக் கணக்கை உங்கள் பழைய, எல்லோருக்கும் தெரிந்த நம்பரில் வைத்துக்கொண்டு, மாதச் செலவுக்கு வேண்டிய தொகையை மட்டும் அதற்கு மாற்றுங்கள். அதிலேயே யூபிஐ லைட் (சின்னச் செலவுக்கென்று முன்கூட்டியே பணம் ஏற்றிவைக்கிற பை மாதிரி) போட்டால் பின் நம்பர் கூட இல்லாமல் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை கொடுக்கலாம், அந்தப் பையில் அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் வைக்க முடியும். எவனாவது புகுந்தாலும் அவனுக்குக் கிடைப்பது அந்தச் சின்னக் கணக்கில் இருக்கிற மாதச் செலவுப் பணம்தான்.

பீரோவில் வைத்துவிட்டு மறந்துபோனால் அது வேறு ஆபத்து. ரீசார்ஜ் இல்லாமல், 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் இணைப்பைத் துண்டிக்க விதி இடம் தருகிறது. துண்டித்த நம்பர், குறைந்தது 90 நாள் இடைவெளிக்கு அப்புறம் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். உங்கள் டெபாசிட்டுக்கான ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் போனில் போய் விழுவதை நினைத்துப் பாருங்கள். இதற்காக மாதாமாதம் முழு டேட்டா பேக் போட வேண்டியதில்லை. டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் கட்டாயம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் சொன்னது, 2025 ஜனவரியில் அவை வந்தன. கடையில் கேட்டால் முதலில் பெரிய பேக்கைத்தான் காட்டுவார்கள், "டேட்டா வேண்டாம், அதுதான் வேணும்" என்று நின்று கேளுங்கள். ஆப்புக்கு வேண்டிய இன்டர்நெட்டை வீட்டு வைஃபை பார்த்துக்கொள்ளும். வாரம் ஒரு தடவை வெளியே எடுத்து அப்டேட் போட்டு, பாதி அளவு சார்ஜ் ஏற்றி வையுங்கள். மாதக்கணக்கில் சுத்தமாக வற்றிக் கிடந்தால் லித்தியம் பேட்டரி செத்துப்போகும்.

உங்கள் வீட்டம்மாவும் அதே கணக்கிலிருந்துதான் செலவு செய்கிறார் என்றால், 2024-இல் வந்த யூபிஐ சர்க்கிளைப் பார்க்கலாம். கணக்கு உங்களுடையது, பணம் கொடுப்பது அவர் போனிலிருந்து. மாதம் 15,000 ரூபாய் வரை, ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை அவரே கொடுக்கும்படி விடலாம், அல்லது ஒவ்வொரு தடவையும் உங்களிடம் கேட்டுவிட்டுப் போகும்படி வைக்கலாம். ஒவ்வொரு தடவையும் கேட்கும்படி வைத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

அப்புறம், நண்பர் 1930-க்குக் கூப்பிட்டாரா? அது சைபர் மோசடிக்கான எண். பணம் போனது தெரிந்த உடனே, முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கூப்பிட்டால் எதிர்க் கணக்கில் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

என் கணவரிடம் இரண்டு போன் இருக்கிறது. ஒன்றை என்னிடம் காட்டுவதே இல்லை. அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஏதாவது ஆப் உண்டா? (வாசகி, சேலம்)

உண்டு, போடாதீர்கள். அடுத்தவர் போனில் அவருக்குத் தெரியாமல் ஒன்றை ஏற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம், அது போக அந்த மாதிரி ஆப்கள் உளவு பார்த்ததையெல்லாம் யாருடைய சர்வருக்கு அனுப்புகின்றன என்று யாருக்குத் தெரியும். அவரிடம் நேரில் கேளுங்கள் அம்மா. இதற்கு மேல் இந்தப் பகுதிக்குத் தகுதியில்லை.

ஷார்ஜாவில் வேலை. ஊர் சிம்மை வங்கி ஓடிபிக்காக மட்டும் ஒரு பழைய போனில் போட்டு அறையில் வைத்திருக்கிறேன். ரூமில் எல்லோரும் இப்படித்தான். சரியான வழியா? (வாசகர், ஐக்கிய அரபு அமீரகம்)

வழி சரிதான், ஆனால் ஓடிபி வருகிற நேரத்தில் நீங்கள் சைட்டில், போன் அறையில். அதனால்தான் ரூம்மேட்டுக்குப் போன் போட்டு "மச்சான், என் போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும், படி" என்கிற பழக்கம் வருகிறது. அந்தப் பழக்கம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு சிம் போனாக இருந்தால் ஊர் சிம்மைக் கையிலிருக்கிற போனின் இரண்டாவது இடத்தில் போட்டு, சர்வதேச ரோமிங்கை இயக்கி, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். ரோமிங்கை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இயக்கிவிட்டுப் போவது நல்லது, அங்கே போனபின் அந்த சிம்முக்கு நெட்வொர்க் கிடைக்கவில்லை என்று தவிப்பவர்கள்தான் அதிகம். ஊர் நம்பருக்கு வருகிற அழைப்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள், பேசி முடித்தபின் பில்லைப் பார்த்தால் தலை சுற்றும்.

இன்னொரு தகவல். என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வசிக்கிற இந்தியருக்கான வங்கிக் கணக்குகள்) இருந்தால் வெளிநாட்டு நம்பரிலேயே யூபிஐ வைத்துக்கொள்ள 2023 ஜனவரியில், யூபிஐயை நடத்துகிற என்பிசிஐ பத்து நாடுகளுக்கு வழி திறந்தது. அமீரகம், சவுதி, ஓமன், கத்தார், சிங்கப்பூர் எல்லாம் அதில் உண்டு. உங்கள் வங்கி அதைச் செய்து தருகிறதா என்று கேளுங்கள். செய்தால் அம்மாவுக்குப் பணம் அனுப்ப அந்தப் பழைய போனை எழுப்ப வேண்டியதே இல்லை. ஊரில் சாதாரண சேமிப்புக் கணக்கையே வைத்துக்கொண்டு ஓட்டுகிறீர்கள் என்றால் அதை முதலில் என்ஆர்ஓவாக மாற்றுங்கள், மாற்றியாக வேண்டும் என்பதுதான் விதி.

சாப்பாடு டெலிவரி செய்கிறேன். மேப், ஆர்டர், கஸ்டமர் கால் எல்லாம் ஒரே போனில். மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது, போன் அடுப்பு மாதிரி கொதிக்கிறது. இரண்டாவது போன் வாங்கினால் கட்டுப்படியாகுமா? (வாசகர், சென்னை)

புதிதாக வாங்காதீர்கள். வீட்டிலோ நண்பரிடமோ திரை நன்றாக இருக்கிற பழைய போன் கிடைத்தால் அதை ஹேண்டில்பாரில் மாட்டி மேப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வைஃபையில் உங்கள் ஏரியா வரைபடத்தை ஆஃப்லைனாக இறக்கிக்கொண்டால் அதற்கு சிம்கூட வேண்டாம். டிராஃபிக் நிலவரம் மட்டும் தெரியாது. தெரிந்தும் என்ன, அண்ணா சாலையில் எப்போதும் ஒரே நிலவரம்தான். ஆர்டர் வருகிற நல்ல போன் சட்டைப்பையில், நிழலில் இருக்கட்டும். வெயிலில், சார்ஜரும் சொருகி, திரை முழு வெளிச்சத்தில், மேப்பும் ஓடினால் எந்தப் போனும் கொதிக்கத்தான் செய்யும். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லியிருக்கிற வெப்ப எல்லையே 35 டிகிரி. சென்னையில் அது சித்திரையில் காலை பத்து மணி.

நல்ல போனை ஹேண்டில்பாரில் மாட்ட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பைக் இன்ஜின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது. கை நடுக்கத்தைச் சரிசெய்ய லென்ஸை அசைக்கிற நுண்ணிய பொறிமுறை உள்ளே இருக்கும், விடாத அதிர்வில் அது பழுதாகிறது. போட்டோ எல்லாம் மங்கலாக வரும்போதுதான் தெரியவரும். அப்புறம், வண்டி ஓட்டும்போது போனைக் கையாள்வதற்கு 2020 அக்டோபர் முதல் விதி விலக்குத் தருவது வழி பார்ப்பதற்கு மட்டும்தான். கஸ்டமர் கூப்பிட்டால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுங்கள் தம்பி, பிரியாணி ஆறினால் ஆறட்டும்.

நான் புதுப் போன் வாங்கிவிட்டேன். பழையதை அம்மாவுக்குக் கொடுக்கலாமா? (கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

நம் வீடுகளில் போனுக்கு ஒரு பரம்பரை உண்டு: பிள்ளை பயன்படுத்தித் தேய்த்தது அம்மாவுக்கு, அம்மா பயன்படுத்தி உடைந்தது பாட்டிக்கு. இதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஏமாற்று அழைப்பும் ஏபிகேயும் அதிகம் குறிவைப்பது யாரை? அம்மாவைத்தான். அவர் கையிலிருக்கிற போனில்தான் பாதுகாப்பு அப்டேட் நின்று ரெண்டு வருஷம் ஆகியிருக்கிறது. செட்டிங்ஸில் "பாதுகாப்பு அப்டேட்" என்கிற இடத்தில் கடைசித் தேதியைப் பாருங்கள். சமீபத்தியதாக இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். பழசாக இருந்தால் அதில் பணம் சம்பந்தப்பட்ட ஆப் எதுவும் வேண்டாம், பாட்டுக் கேட்கவும் சீரியல் பார்க்கவும் மட்டும் இருக்கட்டும்.

பின்பக்க மூடி லேசாக உப்பியிருந்தால், அல்லது திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்தால், யாருக்கும் கொடுக்க வேண்டாம். பேட்டரி வீங்குகிறது என்று அர்த்தம். சார்ஜ் போடாமல், குத்தாமல், அழுத்தாமல் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள், குப்பையில் போடக் கூடாது. விற்பதாக இருந்தால் கூகுள் கணக்கை முதலில் நீக்கிவிட்டு அப்புறம் ரீசெட் செய்யுங்கள். வெறும் ரீசெட் மட்டும் செய்து கொடுத்தால் வாங்கினவரிடம் போன் உங்கள் கணக்கையே கேட்டுக்கொண்டு நிற்கலாம், அவர் ராத்திரி உங்களைக் கூப்பிடுவார்.

ஒருவர் பெயரில் எத்தனை சிம் வைத்துக்கொள்ளலாம்? (வாசகர், திண்டுக்கல்)

ஒன்பது. ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் ஆறு. மீறினால் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் அபராதம் 50,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. எனக்கு ஒன்றுதானே என்று இருந்துவிடாமல் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போய் உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பாருங்கள். எப்போதோ கொடுத்த ஆதார் ஜெராக்ஸில் யாரோ சிம் வாங்கியிருந்தால் அங்கே தெரியும், "இது என்னுடையது இல்லை" என்று அங்கேயே புகார் போடலாம்.

பஸ்ஸில் பையோடு இரண்டு போனும் போய்விட்டது. ஓடிபி வர ஒரு போன்கூட இல்லாமல் எதிலும் நுழைய முடியவில்லை. இப்போது என்ன செய்வது? (வாசகர், திருச்சி)

இரண்டு போன் வைத்திருக்கிறவர்கள் இரண்டையும் ஒரே பையில் வைப்பது ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை. சரி, நடந்தது நடந்துவிட்டது.

வீட்டில் யாருடைய போனிலிருந்தாவது வங்கிக்குக் கூப்பிட்டு யூபிஐயையும் கார்டையும் முதலில் நிறுத்துங்கள். அடுத்து சிம் கம்பெனிக் கடைக்கு அடையாள அட்டையோடு போய் பழைய சிம்மை முடக்கி மாற்று சிம் வாங்குங்கள், இதற்கு உங்கள் உடன்பிறந்தவர் வந்தால் போதாது, நீங்களே போக வேண்டும். போலீஸில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். அந்த நகலும் ஐஎம்இஐ நம்பரும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) இருந்தால் சஞ்சார் சாத்தியிலுள்ள சிஇஐஆர் பகுதியில் போனையே முடக்கலாம், அப்புறம் இந்தியாவில் எந்த சிம் போட்டாலும் அது வேலை செய்யாது. ஐஎம்இஐ போன் வாங்கிய பெட்டியிலும் பில்லிலும் இருக்கும். இதைப் படிக்கிற மற்றவர்கள் இப்போதே *#06# அழுத்தி, வருகிற எண்களை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். இரண்டு சிம் போனுக்கு இரண்டு ஐஎம்இஐ இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். எழுதியதைப் போட்டோ எடுத்து அதே போனில் வைத்துக்கொள்கிற புத்திசாலிகளும் நம்மில் உண்டு.

கூகுள் கணக்குக்கு "பேக்அப் கோட்" என்று பத்து எண்கள் தருவார்கள், ஒவ்வொன்றும் ஒரு தடவை பயன்படும். புதுப் போன் வந்ததும் அவற்றை அச்செடுத்து ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். ஓடிபி வர போனே இல்லாத நாளில் உள்ளே நுழைய அது போதும்.

இரண்டு போனுக்கும் ஒரே சார்ஜரைப் போடலாமா, பேட்டரி கெட்டுப்போகுமா? (வாசகி, நாகர்கோவில்)

போடலாம். எவ்வளவு வேண்டும் என்பதைப் போனும் சார்ஜரும் பேசி முடிவு செய்துகொள்ளும், பெரிய சார்ஜர் என்பதற்காகச் சின்னப் போனுக்குள் மின்சாரம் பாய்ந்துவிடாது. வேறு கம்பெனி சார்ஜர் என்றால் சில போன்களில் வேகம் குறையும், அவ்வளவுதான். ஐபோனும் 2023-இல் வந்த 15-லிருந்து டைப்-சிக்கு வந்துவிட்டதால் ஒயரும் ஒன்றே போதும். ஒரே சார்ஜர் போதுமா என்று கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். காலையில் இரண்டு போனும் பத்து சதவீதத்தில் நிற்கும்போது ஒன்று போதாது, இன்னொன்று வாங்கிவிடுங்கள்.